நாற்பத்தொன்றாம் பக்கத்துத் திருத்தம்

மார்ச் 4, செவ்வாய்

குட்டிக்கு மூன்றாவது பல். கீழே, இடது பக்கம். விரலை வைத்தால் அரம் மாதிரி உரசுகிறது. பல் முளைத்தால் காய்ச்சல் வருமா, வந்தால் எத்தனை நாள் இருக்கும், எப்போது பயப்பட வேண்டும் — மூன்று இடத்தில் தேடினேன், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. இரண்டு தரம் தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் எடுத்தபோது இவர் பார்த்துவிட்டார். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு வேணா வெச்சுப் பாக்கவா?" என்றார். சிரித்தேன். ஆனாலும் அவர் ஷூ மாட்டப் போன நேரத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

திருத்துவதற்கு மெய்ப்பு வந்துவிட்டது. சிறுகதைச் சிறப்பிதழ், ஏழு கதைகள், ஒரு வாரம் தவணை. பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: "எல்லாமே ஒரே சங்கதிதான்மா. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல இருப்பாங்க, ஒருத்தர ஒருத்தர் எட்ட முடியாது. படிச்சு முடிச்சதும் எங்க வீட்டம்மாகிட்டப் போய் ரெண்டு வார்த்தை பேசணும்னு தோணிருச்சு."

"பேசினீங்களா சார்?"

"டிவி பாத்துக்கிட்டு இருந்தா."

வழக்கம்போல எந்தக் கதையிலும் எழுதியவர் பெயர் இல்லை. பக்கம் கட்டும்போதுதான் பெயர் ஏறும். பெயரைப் பார்த்தால் திருத்துகிறவர் கை ஒன்று பயப்படும், இல்லை அளவுக்கு மேல் நீளும் என்பது சார் கட்சி. அவருடைய இன்னொரு சட்டம் பேனா. சிவப்பு மை என்றால் பிழை. பக்கம் கட்டும் அக்கா யாரையும் கேட்காமல் அப்படியே மாற்றிவிடுவார். பென்சில் என்றால் சந்தேகம். எழுதியவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். நான்கு வருடமாக இந்த வேலை. ஒரு நாளும் பென்சில் இடத்தில் சிவப்பு வைத்ததில்லை. என்னால் உருப்படியாகச் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதானோ என்று சில நாள் தோன்றும்.

மார்ச் 6, வியாழன்

நான்கு கதை முடிந்தது. நான்கு கதையில் ஆறு ஜன்னல்கள். யாருக்காவது எதையாவது சொல்ல முடியவில்லை என்றால் உடனே ஜன்னலுக்குப் போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவும் மகனும் — மகன் ஜன்னலுக்குப் போகிறான். ரயிலில் புருஷனும் பெண்டாட்டியும் — வசதி, ஜன்னல் பக்கத்திலேயே இருக்கிறது. இவர்கள் யாராவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை அந்த வரியோடு முடிந்துவிடும். அதனால்தான் யாரும் திறப்பதில்லையோ?

கல்லூரியில் இதைத்தான் ஆய்வேடாக எழுதினேன். சிறுகதையும் மனிதர்களுக்கு நடுவே இருக்கும் தூரமும் என்று ஏதோ பெரிய தலைப்பு. விடுதி அறையில் தோழி வானொலியோடு எத்தனை சண்டை! காலையில் கண் விழித்ததில் இருந்து பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எல்லோருடைய நோட்டிலும் காற்புள்ளி போட்டுக் கொடுப்பேன் என்பதால் நான் காற்புள்ளி. "நீ திருத்து, நான் எழுதறேன், ரெண்டு பேரும் உருப்பட்டுருவோம்" என்பாள். அதுபோலவே ஆயிற்று. எட்டு வருடத்தில் அவள் எழுதிய எந்தக் கதையும் என் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை.

இவர் சாப்பிடும்போது கேட்டேன்: லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே நின்று என்ன பேசுவீர்கள்? இவர் லிஃப்ட் மெக்கானிக். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவதே பாதி வேலை. (நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இவர் மூன்றாவது மாடிக்குத் தினமும் படியேறுகிறார். அதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது.)

"என்னாச்சுன்னு கேக்கவே கூடாது. அதுக்கு அவங்ககிட்ட பதில் இருக்காது, அழுதுருவாங்க. எந்த மாடின்னு கேக்கணும். அதுக்குப் பதில் தெரியும். அதச் சொல்லிட்டாங்கன்னா அப்புறம் தானாப் பேசுவாங்க."

"மாடி எதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே?"

"தெரியும். இருந்தாலும் கேக்கணும்."

மத்தியானம் வானொலி போன் செய்தாள். குரலில் ஒரு துள்ளல். "ஒரு விஷயம் இருக்குடி, காற்புள்ளி. இப்ப சொல்ல மாட்டேன்." எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. கல்யாணமாக இருக்கும்.

மார்ச் 8, சனி

ஐந்தாவது கதை. தலைப்பு 'பூட்டு'.

கை எழுதமாட்டேன் என்கிறது.

கதையில் ஒரு தாய். கைக்குழந்தை. குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் படியில் போய் உட்காருகிறாள். இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது.

ஊக்கு.

கற்பனையில் கிடைக்காது அந்த ஊக்கு. என் செருப்பில் இருந்தது அது.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும். நடந்தது நடந்தபடி என் கையெழுத்திலும் ஒரு இடத்தில் இருக்கட்டும்.

ஆகஸ்ட். குட்டிக்கு எழுபது நாள். காலை ஒன்பதில் இருந்து ஒரு மணி வரை அழுதாள். பால், துணி, தோள், மடி, நடை, பாட்டு — எல்லாம் செய்தேன். நிற்கவே இல்லை. கடைசியில் தொட்டிலில் போட்டேன். செருப்பை மாட்டினேன். பையை எடுத்தேன். வெளியே வந்து பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன். படி இறங்கினேன்.

சும்மா காற்று வாங்க என்றால் பை எதற்கு? நான் போகத்தான் இறங்கினேன். எங்கே என்று தெரியாது, போக மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே அழுகை கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்: பிடித்திருந்தது. கைக்கடிகாரத்தில் பதினோரு நிமிடம். பிறகு பால் கட்டிச் சட்டை நனைந்தது. எழுந்து மேலே போனேன். என்னை மேலே ஏற்றியது பாசம் இல்லை, ஈரச் சட்டை.

குட்டி தூங்கிப்போயிருந்தாள்.

இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போகிறார்? அவர் அக்காவுக்குத் தெரிந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். இப்போதும் பயம்தான். வீட்டில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து வானொலிக்கு மட்டும் சொன்னேன். போனில். ஊக்கு வரைக்கும் சொன்னேன், ஈரச் சட்டை வரைக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயோ, இருடி, அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்குது, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள். ஆபீசில் அவளுடைய மேலதிகாரி யாருக்கோ வைத்த பட்டப்பெயரைச் சொல்லி அரை மணி சிரித்தாள். நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறாள், பாவம் என்று நானே அவளுக்குச் சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது. கதையாக. பெயர் இல்லாமல்.

கதையில் மூன்றாவது மாடி ஐந்தாவது மாடியாகிவிட்டது. ஈரச் சட்டை இல்லை. 'குழந்தையின் அழுகை ஒரு கயிறுபோல அவளை மேலே இழுத்தது.' இழுக்கவில்லை. அங்கே கேட்கவே இல்லை. அதெல்லாம் போகட்டும், அழகுக்காக எழுதுவாள். ஆனால் கடைசிக்கு முந்திய பத்தியில் இப்படி ஒரு வரி:

'அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனமே அவளுடைய வீடாக இருந்தது.'

யாரிடமும் சொல்லவில்லையாமே!

சொன்னேன்டி. உன்கிட்டதான் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

'பூட்டு' கதையை மூன்று முறை படித்தேன். நல்ல கதை. கெட்ட கதையாக இருந்திருக்கலாம். ஒற்றுப்பிழை நான்கு, ஓர் இடத்தில் 'அவளுடைய' இருமுறை. எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருத்தினேன். எதிராளி வீட்டுப் பாத்திரமாக இருந்தாலும் விளக்கித்தானே வைக்க வேண்டும்?

அந்த வரிக்கு வந்தேன். கேள்விக்குறி போட்டு ஓரத்தில் கேட்கலாம் என்று பென்சிலைத் தேடினேன். குட்டி அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டிருந்தாள். குனிந்தால் எடுத்துவிடலாம். கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

குனியவில்லை.

'யாரிடமும் சொல்லவில்லை' என்ற இரண்டு வார்த்தையை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'ஒருத்தியிடம் சொன்னாள்'. சிவப்பு மையில்.

எழுதி முடித்த பிறகு பென்சிலையும் குனிந்து எடுத்துவிட்டேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் மறைக்கலாம், இந்த நோட்டிடம் மறைத்து என்ன பயன்?

மார்ச் 11, செவ்வாய்

மெய்ப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். பக்கம் கட்டும் அக்கா கணினியை விட்டு எழுந்து வந்து அவள் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். "மூணா? அதுக்குள்ளயா? கடிக்கறாளா?"

"கடிக்கறாக்கா."

"கடிக்கட்டும். நாளைக்கு ஊர் உலகம் கடிக்கும்போது பழகியிருக்கும்."

அக்கா பக்கங்களைப் புரட்டும்போது அந்தத் தாள் மேலே வந்தது. சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. "அக்கா, அந்த வரிய விட்டுருங்க, கை தவறிருச்சு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குட்டி என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டே இருந்தேன். அக்கா தாளைக் கட்டுக்குள் வைத்துவிட்டார்.

அந்தக் கதையை யார் எழுதியது என்று கேட்டேன், தெரியாதவள் போல. "உன் சிநேகிதிதான்மா! உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. அச்சுல பாத்து நீ அசந்து போகணுமாம்."

கல்யாணம் இல்லை அந்த விஷயம். இதுதான்.

மார்ச் 13, வியாழன்

பக்கம் கட்டும் அக்காவின் போன் எண்ணை இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இதழ் அச்சுக்குப் போய்விட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதில் ஒரு நிம்மதி. நிம்மதியா அது? திருட்டுப் பொருளை ஒளித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

குட்டிக்கு லேசான சளி. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று மத்தியானம் வானொலி வந்தாள். கையில் ஆரஞ்சுப்பழப் பையும் இதழும். கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தியாடி? என் கதையக் கெடுத்து வெச்சிருக்காங்க! நாப்பத்தொண்ணாம் பக்கம். 'ஒருத்தியிடம் சொன்னாள்'னு வருது. எவடி அந்த ஒருத்தி? எங்கேர்ந்து வந்தா? அடுத்த வரில 'அந்த மௌனமே வீடு'ங்கறேன். சொல்லிட்டா அப்புறம் ஏது மௌனம்? படிக்கறவன் என்னைக் கேனச்சின்னு நெனப்பான்."

நான் குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூனை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அவள் என்னை யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அந்தக் கதை என்னுடையது என்ற நினைப்பே அவளுக்கு எங்கும் இல்லை. ஒரு வரி போய்விட்டது என்று என்னிடமே அழ வந்திருக்கிறாள்.

"நீதான புரூஃப் பாத்த? உன் கண்ணுல எப்படித் தப்புச்சு?"

"தப்பல. நான்தான் போட்டேன்."

வாய் அப்படியே நின்றது. வானொலி பேச்சு நின்று நான் பார்த்தது எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அந்த ஒருத்தி நீதான்" என்றேன்.

உட்கார்ந்தாள். இதழை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "அதான் மாத்திட்டேனே," என்றாள். "மூணாவது மாடிய அஞ்சாவது மாடி ஆக்கினேன்ல?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கெட்ட சிரிப்பு. "ஊக்க விட்டுட்டியே."

"ஊக்கு நல்லா இருந்துச்சுடி."

பிறகு அவளும் கோபப்பட்டாள். "நீ அன்னைக்கு எப்படிச் சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? சிரிச்சுக்கிட்டே சொன்ன. ஏதோ பஸ்ஸ விட்டுட்ட கதை மாதிரி. 'கடைசில பாரு, ஈரச் சட்டைதான் என்னைக் காப்பாத்துச்சு'ன்னு சிரிச்ச. நான் என்ன பண்ணுவேன்? கூடச் சிரிக்கறதா, அழறதா?"

சிரித்தேனா? அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்று எழுதுகிறேன், ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.

"அதான் பால் பொங்குதுன்னு வெச்சியா?"

"பாலே வெக்கல." தலையைத் தூக்கவில்லை. "என்ன சொல்றதுன்னு தெரியல. போன வெச்சதுக்கப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்."

"அழுது முடிச்சிட்டு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"எழுத ஆரம்பிச்சுட்டேன்."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. மழை வந்தது, நனைந்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. எட்டு வருடம் ஒவ்வொரு கதையும் முதலில் என்னிடம் அனுப்பினவள் இந்த ஒன்றை மட்டும் ஏன் ஒளித்தாள்? அசந்து போகட்டும் என்றா? இல்லை. என்னிடம் அனுப்பினால் என் கதையைக் கொடுக்க மாட்டேன் என்று தெரியும். கேட்டு வாங்க முடியாததை எடுத்துக்கொண்டாள்.

"உன்னைப் புரிஞ்சுக்கிட்டதாலதான் எழுதினேன்" என்றாள் வாசலில்.

"புரிஞ்சதப் படிக்கறவங்களுக்குச் சொல்லிட்ட. எனக்குச் சொல்லல" என்றேன்.

"அந்த வரிய மாத்தினது தப்புடி. நீ வேலை தெரிஞ்சவ. அது தப்பு." அது மட்டும் உண்மை.

ஆரஞ்சை விட்டுவிட்டுப் போய்விட்டாள். குட்டிக்குச் சாறு பிழியலாமா, கூடாதா? பத்து மாதம் இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஆசிரியர் கூப்பிட்டார். மெய்ப்புத் தாளைப் பழைய கட்டுக்குள் இருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"உன் கையெழுத்துதான். சிவப்பு."

"ஆமா சார்."

"கை தவறிருச்சா?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "இல்ல சார். தெரிஞ்சுதான்" என்றேன்.

போனில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு: "இன்னொருத்தர் வாக்கியத்துல ஒரு காற்புள்ளிகூடக் கேக்காமத் தொடாதவ நீ. ஏன்னு நான் கேக்கல. கேட்டா உனக்காகப் பேசிருவேன். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டாகணும்மா."

"போடுங்க சார்."

"ரெண்டு வார்த்தைக்கு ஆறு வரி திருத்தம். என்ன பொழப்போ போ."

வேலையை விட்டு எடுக்கிறாரா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

இவர் படித்துவிட்டார்.

இவர் கதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. வானொலி பெயரை அட்டையில் பார்த்து, "நம்ம வானொலி எழுதியிருக்காளே" என்று சாயங்காலம் டீயோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தடுக்கலாம் என்று நினைத்தேன். எதைச் சொல்லித் தடுப்பது? ஒரே சட்டையை நான்கு தரம் மடித்தேன்.

இரண்டாவது பக்கத்தில் டீ கப்பைக் கீழே வைத்தார்.

"இந்த ஊக்கு நான் குத்தினது."

மடித்த சட்டையை மறுபடி பிரித்தேன்.

"இடது செருப்பு. கடைக்குப் போக நேரமில்லன்னு நான்தான் என் டூல் பையிலேர்ந்து எடுத்துக் குத்திக் குடுத்தேன்." கடைசி வரை படித்தார். மறுபடி புரட்டி நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தார். விரலை வைத்துக்கொண்டு படித்தார், சர்க்யூட் படம் பார்க்கிற மாதிரி.

"எவ்ளோ நேரம்?"

"பதினோரு நிமிஷம்."

"கதவு பூட்டியிருந்துச்சா?"

"ம்."

"காஸ்?"

"அணைச்சுட்டேன்."

தலையாட்டினார். நான் அழுகைக்கும் திட்டுக்கும் தயாராக இருந்தேன். என் அக்காவைக் கூப்பிடு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். "அவள் இதை ஒருத்தியிடம் சொன்னாள்." இதழை மூடினார். "ஒருத்திகிட்ட சொல்லியிருக்கா. ஒருத்தன்கிட்ட சொல்லல."

எழுந்து போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நின்றார். ஆறு ஜன்னல் என்று எண்ணிச் சிரித்தேனே, அன்று. பின்னால் நின்று அந்த முதுகைப் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அந்தக் கதைகள் எதிலும் யாரும் எழுதவில்லை.

அச்சில் பழைய வரியே இருந்திருந்தால்? 'யாரிடமும் சொல்லவில்லை' என்று படித்திருந்தால் இவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. யாரிடமும் சொல்லாதவளை மன்னித்துவிடலாம். தோழியிடம் சொல்லிவிட்டுப் புருஷனிடம் ஏழு மாதம் மறைத்தவளை? வானொலியைக் குத்த எடுத்த ஊக்கு இவர் கையில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

நேற்றும் இன்றும் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்றார் நேற்று. இன்று அதுகூடச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார், தொட்டிலைப் பார்த்தார், போனார்.

சரிபார்க்க வருகிறார். எண்ணிப் பார்த்தேன், பதினோரு நிமிடம்கூட இல்லை.

இதற்குத்தான் பயந்தேன். இதற்குத்தான் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றும்.

ஏப்ரல் 12, சனி

கேட்டுவிட்டேன். "என்னை நம்பலன்னா நேராச் சொல்லுங்க. உங்க அக்கா வந்து வேணா இருக்கட்டும். இப்படி திருடிய வேவு பாக்கற மாதிரி வராதீங்க."

அவர் ஒரு ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"வேவு பாக்க வரல."

"பின்ன?"

"அந்த நேரத்துக்கு வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்." பிறகு, "ரொம்ப நீளமா இருக்கு அந்த நேரம்" என்றார். "பத்து நிமிஷம் உக்காந்தாலே மணி நகர மாட்டேங்குது. நீ எப்படிப் போக்கற?"

என்ன சொல்வது? புரூஃப் பார்ப்பேன், மூச்சை எண்ணுவேன், எழுதுவேன்.

"லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா உள்ள ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா எனக்கு மணி அடிக்கும்" என்றார். "உனக்குத்தான் எதுவும் வெக்கல. போன் பண்ணு. மாட்டிக்கிட்டேன்னு மட்டும் சொல்லு. காரணமெல்லாம் சொல்ல வேணாம்."

"வேலைல இருப்பீங்க."

"வேலையே அதுதானே."

இன்னும் கோபம் இருக்கிறது அவருக்கு. குரலில் தெரிந்தது. கோபத்தோடேயே சொன்னார். 'ஒருத்தன்கிட்ட சொல்லல' என்பது இன்னும் எங்களுக்கு நடுவே மேசை மேல்தான் இருக்கிறது, உப்பு ஜாடி மாதிரி. சாப்பிடும்போது இருவரும் அதைச் சுற்றிக் கை நீட்டுகிறோம்.

ஏப்ரல் 16, புதன்

வானொலியிடம் இருந்து ஒரு குரல் செய்தி. நான்கு நிமிடம் பத்தொன்பது விநாடி. கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.

அவள் ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள். எனக்கு எவ்வளவு ஆகுமோ.

ஏப்ரல் 22, செவ்வாய்

மெய்ப்பு வந்தது. ஆசிரியர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. சிறிய உறை, உள்ளே ஒரே தாள். மேலே அவர் கையெழுத்தில், 'இதை நீதான் பார்க்க வேண்டும்.'

'சென்ற இதழில், 43ஆம் பக்கத்தில் வெளியான "பூட்டு" சிறுகதையில், "அவள் இதை ஒருத்தியிடம் சொன்னாள்" என்பதை "அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை" எனத் திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.'

மூன்று முறை படித்தேன். நான்காவது முறை எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து படித்தேன். பிழை ஒளிந்திருந்தால் அப்படித்தான் அகப்படும். பக்க எண் தப்பு. நாற்பத்தொன்று என்று இருக்க வேண்டும். சிவப்பு மையில் திருத்தினேன்.

வேறு ஒன்றும் இல்லை. வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. அது அவளுடைய கதை. அவளுடைய கதையில் அந்தத் தாய் யாரிடமும் சொல்லவில்லை. இருக்கட்டும். பென்சிலை எடுத்தேன். ஓரத்தில் கேட்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பென்சிலைக் குட்டியிடம் கொடுத்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன்.

பிறகு குட்டி ஆரம்பித்தாள். நாலாவது பல். பதினொன்றரை, பன்னிரண்டு, ஒன்று. தோள், மடி, நடை, பாட்டு. காதுக்குள் அந்தப் பழைய இரைச்சல் எழுந்தது. என் கண் செருப்பு இருக்கும் இடத்துக்குப் போனதை நானே பார்த்தேன். புதுச் செருப்பு. ஊக்கு இல்லை.

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் இரும்பு உரசும் சத்தம், யாரோ எதையோ கேட்டுக் கத்தினார்கள். குட்டியின் அழுகையில் என் குரல் கேட்குமோ, கேட்காதோ. சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மாட்டிக்கிட்டேன்" என்றேன்.

இரும்புச் சத்தம் நின்றது.

"எந்த மாடி?" என்றார்.